கடைசியில்தான் எஞ்சின்

சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இந்தியாவில் விற்பனைக்கு வந்ததே இல்லை. ஆனாலும் 2007ஆம் வருஷத்து மாடல் ஒன்று இராஜாக்கமங்கலத்தில், என் தங்கை வீட்டு மாடியறையில் இருக்கிறது. கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் பந்தய விளையாட்டில் தங்கை மகன் அதை வாங்கி நிறுத்தியிருக்கிறான். 1.6 லிட்டர் எஞ்சின், 125 குதிரைத்திறன். அதே வீட்டு முற்றத்தில், தகரக் கூரைக்கு அடியில், மச்சானின் பழைய ஸ்விஃப்ட் நிற்கிறது. மாருதி 2005இல் இங்கே கொண்டுவந்த முதல் ஸ்விஃப்ட் அது. உடல்வாகு ஏறக்குறைய மேலே இருப்பதுதான், எஞ்சின் 1.3 லிட்டர், 87 குதிரைத்திறன். முற்றத்து வண்டிக்குச் சைலன்சரை மாற்றினாலே சட்டம் குறுக்கே வந்து நிற்கும். மாடியறை வண்டியில் டர்போ முதல் பிரேக் பேட் வரை எதையும் கழற்றி வேறு மாட்டலாம்.

பையனுக்குப் பதினைந்து வயது. போன மாதம் ஒரு நாள் மாடியிலிருந்து கூப்பிட்டான். "மாமா, கையில இவ்வளவு கிரெடிட்தான் இருக்கு. டர்போ போடட்டா, டயர் மாத்தட்டா?"

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. என் அப்பா டாக்சி ஓட்டினார். நான் நாகர்கோவிலில் ஒரு உதிரிபாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன். ஒரு வண்டிக்கு எதை முதலில் வாங்குவது, எதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் நடக்கும். அந்தப் பேச்சு இப்போது ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் அநேகமாக அடங்கிவிட்டது. அது இன்னும் முழு உயிரோடு நடக்கிற இடம் ஜப்பானில் செய்த ஒரு விளையாட்டு என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

அப்பாவின் அம்பாசடர் பெட்ரோல் வண்டியாகத்தான் வந்தது. டீசல் மலிவாக இருந்த காலம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1980 வாக்கிலேயே 1,489 சிசி டீசல் எஞ்சினோடு அம்பாசடரை விற்கத் தொடங்கியிருந்தது. அடிபட்டு ஓரங்கட்டிய டீசல் வண்டியிலிருந்து எஞ்சினை வாங்கித் தன் பெட்ரோல் வண்டியில் இறக்குவது டாக்சிக்காரர்களுக்குப் பெரிய கனவு. ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்து, ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பரை மாற்றிப் பதிந்துவிட்டால் எல்லாம் சட்டப்படிதான். தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவுக்கும் அந்தக் கனவு வந்தது. ஊரில் பாதிப் பேர் வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தார்கள். அவர்களை ஏற்றிவிடவும் கூட்டிவரவும் திருவனந்தபுரம் ஏர்போர்ட் ஓட்டம் வாரத்துக்கு ஒன்றாவது கிடைக்கும். தக்கலை, மார்த்தாண்டம், பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று நெரிசலுக்குள் ஊர்ந்து போகிற வழி. அந்த ஓட்டத்தில் பெட்ரோல் குடிப்பது வருமானத்தைத் தின்றுவிடும்.

கோணம் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவரை எல்லாரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். அப்பா பணத்தோடு போய் நின்றபோது ஆசான் எஞ்சினைப் பற்றிப் பேசவே இல்லை. பிரேக்கைப் பற்றிப் பேசினார்.

"வே, எஞ்சின மட்டும் மாத்தினா போதும்னு நெனைக்காதீரும். அது தனியா வராது. கூட நாலு பேரக் கூட்டிக்கிட்டு வரும்."

அந்த நாலு பேர் யார் என்பதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அப்பா வண்டியில் பிரேக் பெடலை இலேசாக்க ஒரு வேக்கம் பூஸ்டர் போட்டிருந்தார். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகிற வெற்றிடத்தில் அது வேலை செய்தது. டீசல் எஞ்சினில் காற்று வழியை அடைக்கிற தட்டு கிடையாது, வெற்றிடமும் கிடைக்காது. அதனால் வேக்கம் பம்ப் சேர்ந்த ஆல்டர்னேட்டர் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பெடல் கல்லாக இருக்கும். டீசல் எஞ்சின் எடை கூடியது, முன்பக்கம் தாழும். அம்பாசடருக்கு முன்னால் டார்ஷன் பார், அதைத் திருகி ஏற்றி மாட்ட வேண்டும். டீசல் எஞ்சின் அவ்வளவு வேகமாகச் சுற்றாது. பழைய கிரவுன் பினியனே இருந்தால் வண்டி நாலாவது கியரிலும் மூச்சுவாங்கும். நாலாவதாக ரேடியேட்டர். இத்தனைக்கும் பணம் எடுத்துவைத்த பிறகுதான் எஞ்சின். அப்பா கையிலிருந்த தொகையில் எல்லாம் முடியாது. எனவே முதல் மாதம் பிரேக் லைனிங்கும் பம்ப் வைத்த ஆல்டர்னேட்டரும் வாங்கி வைத்தார். எஞ்சின் அடுத்த ஓணம் கழிந்துதான் வந்தது.

"முதல்ல நிக்கணும் மக்கா, பொறவு ஓடணும்" என்பார் அப்பா. வேகமாக ஓட்டத் தெரிந்தவர்தான். ஆனால் வண்டியில் ஆள் இருந்தது, ஆளோடு மூன்று வருஷத்துச் சம்பாத்தியம் பெட்டி பெட்டியாகக் கேரியரில் இருந்தது.

அந்தப் பெட்டிகளுக்காக இன்னொரு தேர்வு நடந்தது. பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டிப் போடலாமா? போட்டால் ஏர்போர்ட் சுமைக்கு வண்டி தாழாது. ஆனால் மற்ற நாளில், ஒரு கிழவியை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, ரோட்டுக் குழி ஒவ்வொன்றும் அவள் முதுகில் இறங்கும். அப்பா பட்டை கூட்டவில்லை. ஏர்போர்ட் ஓட்டத்தை நிதானமாக ஓட்டினார். ஒரு பாகத்தை வாங்காமல் விடுவதும் தேர்வுதான் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். இன்று பையன் சஸ்பென்ஷன் கெட்டித்தனத்தை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றி இறக்கிக்கொண்டு யோசிக்கும்போது அந்தக் கிழவி என் நினைவுக்கு வருகிறாள்.

2004இல் நாகர்கோவிலில் பிரவுசிங் சென்டர்கள் மூலைக்கு மூலை இருந்தன. பள்ளிக்கூடம் விட்டால் இராஜாக்கமங்கலம் பஸ்ஸை ஒன்றிரண்டு விட்டுவிட்டு நாங்கள் போய் உட்காருவோம். அதற்கு முன்னால் ரோடு ராஷ் ஆடியிருக்கிறோம். அதில் பாகம் என்ற பேச்சே இல்லை. காசு சேர்ந்தால் வேறு பைக் வாங்கலாம், அவ்வளவுதான். நீட் ஃபார் ஸ்பீடு அண்டர்கிரவுண்டு 2003 நவம்பரில் வெளியாகி எங்கள் கம்ப்யூட்டர்களுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் மாறியது. எஞ்சின், இசியு, கியர், சஸ்பென்ஷன், டயர், பிரேக், டர்போ, நைட்ரஸ், எடைக்குறைப்பு. வரிசையாகப் பெயர்கள். ஆசான் வாயில் கேட்ட வார்த்தைகள் சில; அவரே கேள்விப்படாத வார்த்தைகள் பல. மிட்சுபிஷி லான்சரும் அந்த விளையாட்டில் இருந்தது. அந்தப் பெயரில் வந்த காரை 1998 முதல் திருவள்ளூரில் செய்துகொண்டிருந்தது, அப்பாவின் அம்பாசடரைச் செய்த அதே இந்துஸ்தான் மோட்டார்ஸ். நாகர்கோவிலில் யாராவது டாக்டர் வீட்டில் ஒன்று நிற்கும். கேட்டுக்கு வெளியே நின்று பார்ப்போம். திரையில் அது எங்கள் கைக்கு வந்தது.

அந்த விளையாட்டை நான் மனதார நேசித்தேன், இன்றும் நேசிக்கிறேன். ஆனால் அதில் பாகங்களைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று படி: ஸ்ட்ரீட், ப்ரோ, எக்ஸ்ட்ரீம். மூன்றாவது இரண்டாவதைவிட நல்லது, இரண்டாவது முதலாவதைவிட நல்லது. பந்தயம் ஜெயித்தால் படி திறக்கும், காசு இருந்தால் வாங்கலாம். வாங்காதே என்று சொல்லும் காரணம் ஒன்றுகூட அதற்குள் இல்லை. எந்தப் பாகமும் இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. டர்போ போட்டால் பிரேக் போதாமல் போவதில்லை. போதாவிட்டாலும் சுவரில் உரசிக்கொண்டு திரும்பலாம், காருக்குக் கீறல் விழாது. கொஞ்சமாவது யோசிக்க வைத்தது அலங்காரம்தான். வண்டியின் தோற்றத்துக்கு நட்சத்திரம் கொடுப்பார்கள், அது ஏறினால்தான் சில கட்டங்களைத் தாண்டலாம். அதற்காக வினைல், நியான் விளக்கு, பின்னால் ஸ்பாய்லர் என்று நாங்கள் மணிக்கணக்காகச் சண்டை போட்டோம். 2005இல் மோஸ்ட் வாண்டட் வந்தபோதும் கதை அதேதான். எதிராளியைத் தோற்கடித்தால் கிடைக்கிற ஜங்க்மேன் பாகம் மற்ற எல்லாவற்றையும்விட மேல். மேலே போய்க்கொண்டே இருக்கலாம்.

சாயங்காலம் எல்லாப் பாகமும் எக்ஸ்ட்ரீமில் இருக்கும் காரை ஓட்டிவிட்டு, இருட்டில் எறும்புக்காடு வழியாக வீட்டுக்கு வந்தால், அங்கே அப்பா ஒரு பிரேக் ஷூவைக் கையில் வைத்து லைனிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டும் ஒரே நாளில், ஒரே பேருந்து தூரத்தில் நடந்தன.

அந்தக் காலத்திலேயே வேறொரு விளையாட்டு வேறு மாதிரி யோசித்துக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கஸுனோரி யமவுச்சி என்பவர் தலைமையில் 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த முதல் கிரான் டூரிஸ்மோ. ஓட்டுநர் உரிமத் தேர்வு எழுதினால்தான் பந்தயம், பழைய கார் வாங்கித்தான் தொடக்கம், சம்பாதித்ததில் பாகம். அதற்கு பிளேஸ்டேஷன் வேண்டும். எங்கள் பக்கத்தில் அது வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிக்குள் இருந்தால்தான் உண்டு. அந்த வரிசை விளையாட்டுகளில் சுஸுகி ஆல்டோ வொர்க்ஸ் உண்டு. அந்தப் பெயரைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம் மாருதி 800 எந்தத் தலைமுறை ஆல்டோவிலிருந்து 1986இல் புது உருவம் எடுத்ததோ, அதே தலைமுறை ஆல்டோவில்தான் 1987இல் முதல் வொர்க்ஸ் பிறந்தது. 543 சிசி எஞ்சினில் டர்போ வைத்து 64 குதிரைத்திறன். நம் மாருதிக்கு 796 சிசி இருந்தும் 40ஐத் தொடவில்லை. அங்கே விரட்டினார்கள், இங்கே ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டோம். இரண்டும் நியாயமான தேர்வுகள்.

அந்த 796 சிசி எஞ்சினை வைத்துத் தமிழ்நாட்டில் ஒருவர் செய்த தேர்வு எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன். பந்தயக் காருக்கு வெளிநாட்டு எஞ்சின் இறக்குமதி செய்யக் காசுள்ளவர்தான். அவர் மாருதி எஞ்சினை எடுத்துக்கொண்டு அதற்கேற்ற லேசான ஒற்றை இருக்கைக் காரைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். எஞ்சினைப் பெரிதாக்க முடியாதபோது, அது சுமக்க வேண்டியதைக் குறைத்தார். அதனால்தான் பெரிய பணமில்லாத இளைஞர்களும் பந்தயத்துக்குள் வர முடிந்தது. நரேன் கார்த்திகேயன் தொடக்க காலத்தில் ஓட்டிய கார்களில் அதுவும் ஒன்று. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கிற பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நான் கடைக்கு வேலைக்குப் போனபோது கவுண்டரில் இன்னும் கொஞ்சம் பேச்சு இருந்தது. கார்ப்பரேட்டர் ஜெட் நம்பர் மாற்றினால் மைலேஜ் கூடுமா என்று கேட்பார்கள். மீன் வண்டிக்காரர்கள் வருவார்கள். இராஜாக்கமங்கலம் துறையிலும் முட்டத்திலும் மீன் ஏற்றுகிறவர்கள், அதிகம் பேர் குட்டியானைக்காரர்கள். குட்டியானை என்று பெயரெடுத்த டாடா ஏஸ் 2005இல் வந்தபோது அதன் எஞ்சின் 702 சிசி, 16 குதிரைத்திறன்தான். ஐஸோடு மீனை ஏற்றிக்கொண்டு எந்த டயர் போட்டால் நாள் ஓடும் என்பது அவர்களுக்குச் சோற்றுக் கேள்வி. புது டயரா, ரீபட்டன் டயரா என்று அரை மணி நேரம் நிற்பார்கள். முன்னால் புதுசு, பின்னால் ரீபட்டன் என்று முடிவு செய்வார்கள். ஸ்டேரிங் இருக்கிற பக்கத்துக்கு நல்ல டயர் என்பதை அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொரு கதவாக அடைந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு எப்போதும் இருந்ததுதான்: தயாரித்தவர் சொன்ன அளவிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது, மாற்றினால் அனுமதி வேண்டும். 2017 டிசம்பரில் முன்பக்க இரும்புக் கம்பித் தடுப்புகளுக்குத் தடை வந்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 52ஆம் பிரிவை அழுத்தமாக எடுத்துச் சொன்னது. அதே வருஷத்துச் சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று எழுதி வைத்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை விதி வந்தது. இப்போது எஞ்சினுக்குள் நடப்பதை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி பார்த்துக்கொள்கிறது. மெக்கானிக் ஸ்கேனரைச் செருகுகிறார், கோடு வருகிறது, அந்தக் கோடுக்கான அசெம்பிளியை எங்களிடம் கேட்கிறார். பார்ட் நம்பர் சொன்னால் எடுத்துக் கொடுப்பது என் வேலை. எது நல்லது என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை.

சட்டம் தேவைதான். மணவாளக்குறிச்சி ரோட்டில் ராத்திரி எதிரே வருகிறவனுடைய வெள்ளை விளக்கில் கண் கூசி ஓடைக்குள் இறங்கியவர்களை எனக்குத் தெரியும். சைலன்சரை வெட்டிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் உறுமுகிறவனை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அவனோடு சேர்த்து, லைனிங்கை விரலால் தடவிப் பார்க்கிறவனுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அதுதான் எனக்கு வருத்தம்.

ஊர்ப் பையன்களிடம் அந்த ஆசை எங்கே போயிற்று என்று பார்த்தால், போனுக்குள் போயிருக்கிறது. பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா என்ற விளையாட்டு 2017இல் வந்தது. இந்தோனேஷியப் பேருந்துகளுக்காக ஒரு சின்னக் கம்பெனி செய்தது. ஆனால் வண்டியையும் வண்ணத்தையும் ஆடுகிறவர்களே செய்து உள்ளே ஏற்றலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். நம் பையன்கள் விடுவார்களா? அரசுப் பேருந்து, தனியார் பேருந்து, கேரள வண்டி என்று எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. ராணித்தோட்டம் பணிமனையிலிருந்து புறப்படுகிற பஸ்ஸின் நிறம், போர்டு எழுத்து, ஹாரன் ஓசை வரைக்கும் சரியாக இருக்கிறதா என்று இராஜாக்கமங்கலம் ஜங்ஷன் நிழற்குடையில் உட்கார்ந்து இரண்டு பையன்கள் விவாதித்ததைக் கேட்டிருக்கிறேன். நேசமணி போக்குவரத்துக் கழகம் என்று பழைய பெயரை எழுதிய பஸ் வேண்டும் என்றான் ஒருவன். அந்தப் பெயர் 1997இல் போய்விட்டது. அவன் பிறந்தது அதற்கு வெகு காலம் பின்னால். தாத்தா சொல்லியிருப்பார்.

தங்கை மகனும் அங்கேதான் தொடங்கினான். பிறகு மச்சான் கத்தாரிலிருந்து பிளேஸ்டேஷன் 5 கொண்டுவந்தார்.

கிரான் டூரிஸ்மோ 7 வெளியானது 2022 மார்ச்சில். முதலில் மூன்று பழைய சின்னக் கார்களில் ஒன்றைத்தான் வாங்க முடியும்: டொயோட்டா அக்வா, மஸ்டா டெமியோ, ஹோண்டா ஃபிட். ஃபிட் வேறெதுவுமில்லை, இங்கே ஜாஸ் என்ற பெயரில் 2015இல் வந்த வண்டிதான். இதெல்லாம் எனக்குப் பிடித்தது. ஆனால் என்னை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தது அதிலிருக்கிற பிபி என்ற எண். ஒரு காரின் மொத்தத் திறமையை அந்த எண் சொல்கிறது. குதிரைத்திறன், எடை, டயரின் பிடிப்பு, தரைக்கு அழுத்தும் காற்று எல்லாம் சேர்ந்த கணக்கு. பந்தயத்துக்கு மேல்வரம்பு உண்டு. 600 பிபி பந்தயம் என்றால் 600ஐத் தாண்டக் கூடாது.

அங்கே ஆசானின் ஒர்க்‌ஷாப் திரும்பவும் திறக்கிறது. டர்போ போட்டால் எண் ஏறும். நல்ல டயர் போட்டாலும் ஏறும். இரண்டும் போட்டால் வரம்பைத் தாண்டும். அப்போது எஞ்சின் வாயில் பவர் ரெஸ்டிரிக்டர் வைத்து மூச்சைக் குறுக்கலாம், அல்லது பாலஸ்ட் என்று எடையை ஏற்றி எண்ணை இறக்கலாம். எடையை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பதற்கும் ஒரு தனிக் கணக்கு. எஞ்சின் போர் பண்ணுவது, உடம்பை வெட்டி எடை குறைப்பது போன்ற சில வேலைகளைச் செய்துவிட்டால் திரும்ப அவிழ்க்க முடியாது. பழைய நிலை வேண்டுமானால் புது எஞ்சின், புது உடல் வாங்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பிலும் அப்படித்தானே? ரீபோர் செய்த சிலிண்டரில் இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

எடைக்குறைப்பு என்பதை முதலில் பார்த்தபோது வெகு நேரம் யோசித்தேன். எங்கள் கரையில் வண்டியின் எடை கூடத்தான் செய்யும். உப்புக் காற்றில் ஃப்ளோர் இற்றுப்போகும். தகடு வெட்டி வெல்டிங் வைப்பார்கள். இரண்டு மழைக்குப் பிறகு அதன் மேல் இன்னொரு தகடு. எடையைக் காசு கொடுத்துக் குறைக்கலாம் என்பதும், அதுவே திறனைக் கூட்டுவதற்குச் சமம் என்பதும் கரிவரதனுக்குத் தெரிந்திருந்தது. பையனுக்கும் தெரிகிறது. அவன் ஸ்விஃப்டுக்குப் பின் இருக்கை இல்லை.

அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு அவன் ஓடப்போவது ஜப்பானின் சுகுபா தடத்தில். ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான். நேர்ரோடு கொஞ்சம், கொண்டை வளைவுகள் அதிகம்.

"டர்போ போட்டா பின்னால உள்ள நேர்ரோட்டுல எல்லாரையும் தூக்கிரலாம் மாமா."

"அது முடிஞ்சு வளைவு வருமே, அங்க?"

"பிரேக் பிடிக்கணும்."

"எங்கேருந்து பிடிப்ப?"

பதில் இல்லை. ஓட்டிப் பார்த்தான். வேகம் கூடியதும் பிரேக் பிடிக்க வேண்டிய இடம் முன்னுக்கு வந்துவிட்டது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்க வேண்டிய தூரம் நாலு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது. அவன் அதை விரலில் உணர்ந்தான். டர்போவில் சம்பாதித்ததை வளைவு வாசலில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

நான் அவனுக்கு 2005 ஜூன் 19 கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் ஃபார்முலா 1 பந்தயம். மிஷலின் டயர்கள் கடைசி வளைவின் சுமையைத் தாங்கவில்லை. அந்த டயர் போட்ட பதினாலு கார்களும் பந்தயம் தொடங்குவதற்கு முந்தைய சுற்றோடு உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. அந்த ஆறில் ஒன்றில், ஜோர்டான் அணியின் காரில், நரேன் கார்த்திகேயன் இருந்தார். நாலாவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். ஃபார்முலா 1இல் ஒரு இந்தியருக்குக் கிடைத்த முதல் புள்ளிகள். உலகத்தின் மிகச் சிறந்த எஞ்சின்கள் பலவும் அன்று கொட்டகைக்குள் நின்றன. காரணம் ரப்பர்.

அந்த ரப்பர் நம் மாவட்டத்தில் குலசேகரத்திலும் பேச்சிப்பாறையிலும் வளர்கிறது, அரசு ரப்பர் கழகத்தின் தலைமையகமே நாகர்கோவிலில்தான் இருக்கிறது என்றேன். அது அவனுக்குப் புதிதாக இருந்தது. பால் வெட்டுகிறவர்களை அவன் பார்த்திருக்கிறான். அதைத் திரையில் உள்ள சாஃப்ட், மீடியம், ஹார்டு என்ற மூன்று பெயர்களோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

டர்போவைக் கழற்றிவிட்டான். ஸ்போர்ட்ஸ் மீடியம் டயர் வாங்கினான். மிச்சக் காசில் பிரேக் பேட். வரம்புக்கு இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. எடைக்குறைப்பு முதல் படி. எஞ்சினை அன்று தொடவே இல்லை. முன்னால் போன காரை இரண்டாம் கொண்டை வளைவில் உட்புறமாக எடுத்தான், தங்கை கீழேயிருந்து "என்ன சத்தம்டா அங்க?" என்று கேட்குமளவுக்குக் கத்தினான்.

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது, அதைச் சொல்ல வெட்கமில்லை. நான் பார்த்த பந்தய விளையாட்டு எதிலும் அம்பாசடர் இல்லை. 2014 மே மாதம் மேற்கு வங்கத்து உத்தரபாடா ஆலையில் உற்பத்தி நின்றது; அதோடு அதை எல்லாரும் ஃபோட்டோவாக்கிவிட்டார்கள். அது நினைவுச்சின்னமாக வேண்டாம், பாகங்களோடு வேண்டும். 1,489 சிசி டீசல், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், பின்னால் பட்டை ஸ்பிரிங், கேரியரில் ஏர்போர்ட் சுமை. பையனிடம் இந்தப் பட்டியலைச் சொன்னேன். எதில் தொடங்குவாய் என்று கேட்டேன். பிரேக் என்றான் உடனே. பூஸ்டர், பம்ப், டயர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனவன் நின்று, போனில் எதையோ தேடினான்.

"மாமா, தொண்ணூறுகள்ல இசுஸு எஞ்சின் வச்ச அம்பாசடருக்கு அஞ்சு கியர் இருந்திருக்கு. அந்தக் கியர்பாக்ஸ டீசலுக்கு மாட்ட முடியும்லா?"

அது எனக்குத் தெரியவில்லை. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள பெல் ஹவுசிங் ஒத்துவர வேண்டும், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நீளத்தை அளக்க வேண்டும், மவுண்டிங் மாறும். ஆசானிடம் வேலை பழகிய ஒருவர் எறும்புக்காட்டில் இன்னும் லேத் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றிருக்கிறேன். பையன் கேள்விகளை இப்போதே ஒரு நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டான்.